முன்பல்லில் படியும் கருமை: மூன்று மருந்துப் பசையும் இரண்டு ஊர்ச் சிகிச்சையும்

எட்டு வயதுப் பிள்ளை பள்ளி முற்றத்தில் ஓடி விழுந்து மேல் முன்பல்லை இடித்துக்கொள்கிறது. ரத்தம் நின்றுவிடுகிறது. உதட்டு வீக்கம் இரண்டு நாளில் வடிந்துவிடுகிறது. பல்லுக்குள் இருக்கும் கூழ் மட்டும் யாருக்கும் தெரியாமல் செத்துக்கொண்டிருக்கும். ஈறில் சீழ்க் கொப்புளம் எழும்பும்போதுதான் வீட்டில் கவனிக்கிறார்கள். ஷார்ஜா எல்லையை ஒட்டி இருக்கும் துபாயின் அல் குசைஸில், இந்தியப் பாடத்திட்டப் பள்ளிகளும் அடுக்குமாடிகளின் தரைத்தளத்தில் பல் கிளினிக்குகளும் நெருங்கியிருக்கும் பகுதியில், இப்படி ஒரு பிள்ளையைக் கூட்டிக்கொண்டு கிளினிக் படியேறிய தமிழ், மலையாளக் குடும்பம் அக்கம்பக்கத்தில் ஒன்றாவது இருக்கும். மருத்துவர் வேர்ச் சிகிச்சை செய்கிறார், சீழ் வற்றுகிறது, வலி போகிறது. சில வாரங்கள் கழித்து அந்த ஒரு பல் மட்டும் சாம்பலும் பழுப்புமாகக் கறுக்கத் தொடங்குகிறது. பிள்ளை கையால் வாயை மூடிச் சிரிக்கப் பழகுகிறது.

இந்தக் கருமை விதியால் வருவதல்ல. எந்த மருந்தால் வருகிறது, எப்படி வருகிறது, எப்படித் தடுக்கலாம் என்பதெல்லாம் கால் நூற்றாண்டாக ஆய்விதழ்களில் வந்துகொண்டிருக்கும் செய்தி. அப்படியிருந்தும் பிள்ளைகளின் பல் கறுப்பது நிற்கவில்லை. அதிலும் வளைகுடாவுக்கும் ஊருக்குமாக அலையும் குடும்பங்களில் அது கூடுதலாக நேர ஒரு தனிக் காரணம் இருக்கிறது என்பது என் எண்ணம்.

முதலில் பல்லைப் பார்ப்போம். மேல் முன்பல் ஏழெட்டு வயதில் முளைக்கிறது. வெளியே தெரியும் பகுதி முழுசாக இருந்தாலும் வேர் வளர்ந்து முடிய இன்னும் மூன்று ஆண்டுபோல ஆகும். அதுவரை வேர்நுனி புனல்போல விரிந்து திறந்திருக்கும். வேரின் சுவர் மெல்லியதாக இருக்கும். பெரியவர்களுக்குச் செய்வதுபோல் ஊசி வைத்துத் தேய்த்து, ரப்பர் போன்ற கட்டாபெர்ச்சாவை அடைத்து மூட இங்கே வழியில்லை. தேய்த்தால் சுவர் இன்னும் மெலியும். அடைத்தால் பொருள் நுனியைத் தாண்டி வெளியே போகும். முன்பெல்லாம் கால்சியம் ஹைட்ராக்சைடை மாதக்கணக்கில் மாற்றி மாற்றி வைத்து, நுனியில் ஒரு கடினத் தடுப்பு உருவாகும்வரை காத்திருப்பார்கள். தடுப்பு உருவாகும், வேர் மட்டும் மெல்லியதாகவே நின்றுவிடும். ஸ்வீடனின் மியோமிர் ஸ்வெக் 1992இல் வெளியிட்ட நீண்டகால ஆய்வு, வளர்ச்சி குறைந்த வேர்கள் இப்படிச் சிகிச்சை பெற்ற பிறகு கழுத்துப் பகுதியில் முறிவது எவ்வளவு அதிகம் என்று காட்டியது.

செத்த கூழுக்குப் பதிலாகப் புதிய திசுவையே வளர்த்துவிட்டால் வேரும் வளருமே என்ற யோசனை பழையது. நார்வேயின் நைகார்ட் ஆஸ்ட்பி 1961இலேயே வேருக்குள் ரத்தத்தை வரவழைத்துப் பார்த்தார். கிருமி இருக்கும் பல்லில் அது பலிக்காது. இந்த முட்டுக்கட்டையை நகர்த்தியது ஜப்பானின் நிகாட்டா பல்கலைக்கழகம். ஹோஷினோவும் அவருடைய குழுவினரும் 1996இல், மெட்ரோனிடசோல், சிப்ரோஃப்ளாக்சசின், மினோசைக்ளின் மூன்றையும் சேர்த்தால் வேர்ச் சுவருக்குள் புகுந்திருக்கும் கிருமிகளையும் அழிக்கலாம் என்று காட்டினர். காற்றில்லாமல் வாழும் கிருமிகளை மெட்ரோனிடசோல் கொல்லும். அதற்குத் தப்புகிறவற்றை மற்ற இரண்டும் பார்த்துக்கொள்ளும். 2001இல் ஜப்பானிலேயே இவாயா குழுவினர் சீழ் பிடித்த முன்கடைவாய்ப் பல் ஒன்றில் வேர் மீண்டும் வளர்ந்ததைப் பதிவுசெய்தனர். அவர்கள் வைத்தது மினோசைக்ளின் இல்லாத இரு மருந்துக் கலவை. இதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். 2004இல் பாங்க்ஸ், ட்ரோப் இருவரும் மூன்று மருந்துப் பசையை வைத்துச் செய்து காட்டிய சிகிச்சைதான் உலகமெங்கும் பரவிய முறை.

அந்தப் பசை கிளினிக்கில் எப்படித் தயாராகிறது என்பதைப் பார்த்தாலே பாதி விஷயம் விளங்கும். பெரும்பாலும் அது மருந்துக் கடையில் டப்பாவாக வருவதில்லை. மாத்திரைகளின் மேல்பூச்சைப் பிளேடால் சுரண்டி எடுக்கிறார்கள். மினோசைக்ளின் காப்ஸ்யூலைத் திறந்து பொடியைக் கொட்டுகிறார்கள். சிறு கல்வத்தில் தனித்தனியே அரைத்து, கண்ணாடித் தகட்டில் மூன்று குவியலாக வைத்து, புரோப்பிலீன் கிளைக்கால் ஓரிரு துளி விட்டு ஸ்பேச்சுலாவால் குழைக்கிறார்கள். வெளிர் மஞ்சளாக ஒரு களிம்பு திரள்கிறது. திருகுக் கம்பியாலோ ஊசிக்குழாயாலோ அதை வேருக்குள் இறக்கி, மேலே தற்காலிக அடைப்பு வைத்துவிட்டு மூன்று நான்கு வாரம் கழித்து வரச் சொல்கிறார்கள். கண்ணளவில் குழைத்த களிம்பில் ஒரு மில்லிலிட்டருக்கு ஆயிரம் மில்லிகிராம் அளவுக்கு மருந்து இருக்கும். கிருமியைக் கொல்ல இதில் ஒரு சிறு பங்கே போதும். பல்லைக் கறுக்கவைக்க அந்தச் செறிவு தாராளம்.

கறுக்கவைக்கும் வேலை பெரும்பாலும் மினோசைக்ளினுடையது. அது டெட்ராசைக்ளின் குடும்பம். அந்தக் குடும்பம் கால்சியத்தைக் கண்டால் ஒட்டிக்கொள்ளும், பிறகு விடாது. எவ்வளவு காலம் விடாது என்பதற்கு ஒரு சான்று சூடானின் நூபியப் பகுதியில் கிடைத்தது. கி.பி. 350க்கும் 550க்கும் இடையில் வாழ்ந்த மக்களின் எலும்புகளைப் புற ஊதா ஒளியில் பார்த்தபோது, டெட்ராசைக்ளினுக்கே உரிய மஞ்சள் கலந்த பச்சை ஒளிர்வு தெரிந்ததாக ஜார்ஜ் ஆர்மெலாகோஸ் குழுவினர் 1980இல் எழுதினர். அவர்கள் குடித்த தானிய பீரில் அந்த மருந்தைச் சுரக்கும் நுண்ணுயிர் வளர்ந்திருக்க வேண்டும் என்பது விளக்கம். 2010இல் வேதியியல் ஆய்வும் எலும்பில் டெட்ராசைக்ளின் இருப்பதை உறுதிசெய்தது. 1,500 ஆண்டு மண்ணுக்குள் கிடந்தும் கால்சியத்தை விட்டுப் போகாத பொருள், வேரைக் கழுவும் திரவத்துக்கு எளிதில் மசியுமா?

மசியாது என்பதை அளந்தே பார்த்துவிட்டார்கள். டெக்சாஸ் பல்கலைக்கழகக் குழு ஒன்று 2014இல் பசைக்குக் கதிரியக்க அடையாளமிட்டு, வழக்கமான கழுவும் முறைகள் எல்லாவற்றையும் முயன்றது. எந்த முறையில் கழுவினாலும் 80 விழுக்காட்டுக்கு மேற்பட்ட மருந்து பல்லிலேயே தங்கியது. சுவருக்குள் ஆழமாகவும் இறங்கியிருந்தது. கால்சியம் ஹைட்ராக்சைடோ பெரும்பகுதி வெளியேறிவிட்டது. ‘அடுத்த தடவை வரும்போது கழுவி எடுத்துவிடுவேன்’ என்று ஒரு மருத்துவர் நம்பிக்கையோடு சொன்னால், இந்த ஆய்வை அவர் படிக்கவில்லை என்றே நான் எடுத்துக்கொள்வேன்.

ஒட்டிக்கொண்டதால் மட்டும் பல் கறுப்பதில்லை. ஒளி வேண்டும். கால்சியத்தோடு பிணைந்த டெட்ராசைக்ளின் வெளிச்சம் பட்டு ஆக்சிஜனேற்றம் அடையும்போது மஞ்சள் மாறிப் பழுப்பாகிறது, கருஞ்சாம்பலாகிறது. பல் உருவாகும் வயதில் இந்த மருந்தை விழுங்கிய குழந்தைகளிடம் இதை மருத்துவர்கள் முன்பே பார்த்திருக்கிறார்கள். பாஸ்டனில் ஷ்வாக்மன், ஷஸ்டர் இருவரும் 1956இல் முதல் எச்சரிக்கை தந்தனர். அமெரிக்க மருந்து ஆணையம் 1963இல் எச்சரித்தது. அந்தக் குழந்தைகளின் வெளியே தெரியும் முன்பற்கள் பழுப்பேறின. வெளிச்சம் எட்டாத கடைவாய்ப் பற்கள் நெடுநாள் மஞ்சளாகவே இருந்தன. எட்டு வயதுக்குள் டெட்ராசைக்ளின் கொடுக்கக் கூடாது என்று குழந்தை மருத்துவர்கள் அன்று கற்றுக்கொண்டார்கள். விழுங்கக் கூடாது என்று சொன்ன மருந்தை அதே வயதுப் பிள்ளையின் முன்பல்லுக்குள் நேராகவே வைத்தோம் என்பதை நினைத்தால் மனம் கனக்கிறது.

மினோசைக்ளினுக்கு இன்னொரு குணமும் உண்டு. அது இரும்போடும் சேர்ந்து கரையாத கருநிறப் பொருளாகும் என்று விளக்குகிறார்கள். ரத்தத்தில் இரும்பு இருக்கிறது. இந்தச் சிகிச்சையில் இரண்டாம் முறை வரும்போது மருத்துவர் வேர்நுனியைத் தாண்டி ஊசியால் கீறி, வேருக்குள் வேண்டுமென்றே ரத்தத்தை நிரப்புகிறார். சுவரில் தங்கிய மருந்தும் ரத்தமும் ஒரே இடத்தில் சந்திக்கின்றன.

இந்த மருந்துக் குடும்பத்தின் பிறப்பில் நம் பக்கத்து மனிதர் ஒருவர் இருக்கிறார் என்பதைச் சொல்லாமல் கடக்க முடியவில்லை. பீமவரத்தில் 1895இல் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகடா சுப்பாராவ். கதர் அணிந்ததற்காக ஆங்கிலப் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளாகி முழுப் பட்டத்தை இழந்தவர். அமெரிக்காவின் லெடர்லே ஆய்வகத்துக்கு அவர் தலைமை ஏற்றிருந்தபோது, பெஞ்சமின் டக்கர் அங்கே கண்டெடுத்த ஆரியோமைசின் 1948இல் உலகுக்கு அறிமுகமானது. குடும்பத்தின் முதல் மருந்து அதுதான். அதே ஆண்டு ஆகஸ்டில் சுப்பாராவ் இறந்துபோனார். கோடிக்கணக்கான உயிர்களைக் காத்த கண்டுபிடிப்பு அது. பல்லின் கறையை அவர் கணக்கில் எழுதுவது நியாயமாகாது. ஆனாலும் மினோசைக்ளினும் அதே லெடர்லேயில் உருவானதுதான். பல் மருத்துவத்துக்கென்றே 1960களின் தொடக்கத்தில் சுவிட்சர்லாந்தில் ஷ்ரோடர், ட்ரியாடன் இருவரும் உருவாக்கிய லெடர்மிக்ஸ் பசையும் அந்த நிறுவனத்தின் பெயரைத்தான் தாங்கியது. அதில் ஒரு ஸ்டீராய்டோடு டெமெக்ளோசைக்ளினும் இருந்தது, அதுவும் டெட்ராசைக்ளின்தான்.

லெடர்மிக்ஸை வைத்துத்தான் முதல் தெளிவான சோதனையும் நடந்தது. ஆஸ்திரேலியாவில் பால் அபட் குழுவினர் 2000இல், வேர் முதிராத முன்பற்களில் பசையை நிரப்பி, சிலவற்றை வெயில் படும்படியும் சிலவற்றை இருட்டிலும் வைத்தார்கள். பன்னிரண்டு வாரத்தில் வெயிலில் இருந்தவை கருஞ்சாம்பல் கலந்த பழுப்பாயின. இருட்டில் இருந்தவை அப்படி மாறவில்லை. பசையை ஈறு மட்டத்துக்குக் கீழே நிறுத்தியபோது கறை குறைந்தது. முதிர்ந்த பல்லைவிட முதிராத பல் அதிகம் கறுத்தது. இந்தக் கடைசி முடிவுதான் என்னை உறுத்துவது. எந்தப் பிள்ளைக்கு இந்தப் பசை தேவைப்படுகிறதோ, அந்தப் பிள்ளையின் பல்தான் கறையையும் அதிகம் வாங்கிக்கொள்கிறது.

பின்வந்த ஆய்வுகள் இதை இறுக்கின. 2010இல் கொரியக் குழு ஒன்று, பல்லின் உட்சுவரில் ஒட்டுப்பசை பூசிய பிறகு மூன்று மருந்துக் கலவையை வைத்தால் என்னவாகும் என்று பார்த்தது. கறை குறைந்தது, நிற்கவில்லை. குற்றவாளி மினோசைக்ளின் என்பதும் அங்கே தெளிவானது. 2014இல் துருக்கியில் மாட்டுப் பற்களை வைத்து நடந்த ஒப்பீட்டில் மினோசைக்ளின் சேர்ந்த பசையே மிக மோசமாகக் கறை ஏற்றியது. அதற்குப் பதில் டாக்சிசைக்ளின், அமாக்சிசிலின், செஃபாக்ளர் சேர்த்த பசைகளும் முழுச் சுத்தமாக வெளிவரவில்லை. இரு மருந்துக் கலவையும் கால்சியம் ஹைட்ராக்சைடும் மட்டுமே கண்ணுக்குப் புலப்படாத எல்லைக்குள் நின்றன.

வழிகாட்டுதல்களும் மாறிவிட்டன. ஐரோப்பிய வேர்ச் சிகிச்சைச் சங்கம் 2016இல் கால்சியம் ஹைட்ராக்சைடையே சொன்னது. அமெரிக்கச் சங்கம் அதையோ, மிக நீர்த்த மூன்று மருந்துக் கலவையையோ வைக்கலாம் என்கிறது. கலவை என்றால் மில்லிலிட்டருக்குச் சில மில்லிகிராம்தான், அதுவும் உட்சுவரை முதலில் அடைத்து, ஈறு மட்டத்துக்குக் கீழே. நீர்த்ததற்குக் காரணம் கறை மட்டுமல்ல. செறிந்த பசை கிருமியோடு சேர்த்து, வேரை வளர்க்க வேண்டிய தண்டணுக்களையும் கொன்றுவிடுகிறது. யாரை நம்பி இந்தச் சிகிச்சையே நடக்கிறதோ அவர்களையே கொல்வது அது. அமெரிக்கச் சங்கத்தின் ஒப்புதல் குறிப்பில் இன்னொன்றும் இருக்கிறது: பல் கறுக்கக்கூடும் என்பதைப் பெற்றோரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

பிறகும் ஏன் பழைய களிம்பு குழைக்கப்படுகிறது? அது வேலை செய்கிறது என்பதே முதல் காரணம். சீழ் வற்றுவதை மருத்துவர் கண்ணால் பார்க்கிறார். மாத்திரை மலிவு, கைக்கெட்டும் தூரத்தில் கிடைக்கிறது. கல்லூரியில் மூன்று மருந்து என்றே படித்தவருக்கு இரண்டு மருந்து குறைபாடாகத் தோன்றுகிறது. இதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. ஆனால் கறை தெரியவரும்போது அந்தப் பிள்ளை அதே நாற்காலிக்குத் திரும்பி வருவதில்லை. வேறு கிளினிக்கில், வேறு ஊரில் இருக்கிறது. தான் செய்ததன் விளைவைப் பார்க்காத கை எப்படித் தன்னைத் திருத்திக்கொள்ளும்?

மினோசைக்ளினை விலக்கினால் மட்டும் போதும் என்று நினைப்பதும் பிழை. ரத்தக் கட்டியின் மேல் மூடியாக வைக்கும் எம்.டி.ஏ. சிமெண்டில் பிஸ்மத் ஆக்சைடு இருக்கிறது. சாம்பல் நிற எம்.டி.ஏ. வெளிப்படையாகவே கறை தரும். 2002இல் வந்த வெள்ளை வகையும், கழுவ ஊற்றும் சோடியம் ஹைப்போகுளோரைட்டோடு சேரும்போது பிஸ்மத் கறுப்பதால் தப்பவில்லை. ஜிர்கோனியம் ஆக்சைடு கலந்த பயோடென்டின் போன்றவை முன்பல்லுக்கு நல்லவை. ரத்தத்தின் நிறமியும் தன் பங்குக்குப் படியும்.

இப்போது அல் குசைஸ் குடும்பங்களுக்கே உரிய காரணத்துக்கு வருகிறேன். துபாயில் 2013ஆம் ஆண்டின் 11ஆம் எண் சட்டம் எல்லோருக்கும் மருத்துவக் காப்பீட்டைக் கட்டாயமாக்கியது. பெரிய நன்மை அது. ஆனால் குறைந்த சம்பளக்காரர்களுக்கான அடிப்படைத் திட்டத்தில் பல்லுக்குப் பெரும்பாலும் அவசர உதவிதான். மீதியைக் கையிலிருந்து கொடுக்க வேண்டும். அதனால் வலி வந்தால் இங்கே திறந்து மருந்து வைத்துக்கொள்கிறார்கள். முழுச் சிகிச்சையை ஜூலை, ஆகஸ்ட் பள்ளி விடுமுறைக்கு ஊரில் வைத்துக்கொள்ளலாம் என்கிறார்கள். இது கஞ்சத்தனம் அல்ல, கணக்கு. நான்கு பேர் குடும்பத்துக்கு விமான டிக்கெட் எடுத்த மாதத்தில் அந்தக் கணக்கு எப்படி இருக்கும் என்று வளைகுடாவில் வாழ்ந்தவர்களுக்குத் தெரியும்.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. விடுமுறையில் தஞ்சாவூரிலோ திருநெல்வேலியிலோ தொடங்குகிறார்கள். முதல் முறை பசை வைத்தாகிவிட்டது. மூன்று வாரம் கழித்து வரச் சொன்ன நாளில் பிள்ளை துபாயில் வகுப்பறையில் இருக்கிறது. வலி இல்லாததால் யாரும் அவசரப்படுவதில்லை. ஒரு மாதத்துக்கென்று வைத்த பசை ஐந்தாறு மாதம், சில வேளை அடுத்த விடுமுறைவரை உள்ளே இருக்கிறது. தற்காலிக அடைப்பு தேய்ந்து எச்சில் கசியும். முன்பல் என்பதால் வெளிச்சம் நாள்தோறும் படும். ஆய்வகத்தில் பன்னிரண்டு வாரத்தில் நடந்தது இங்கே நடக்கத் தாராளமாக அவகாசம் கிடைக்கிறது. மருந்தின் வேதியியல் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒன்றுதான். அது வேலை செய்யக் கிடைக்கும் நாள்கள்தான் நம் பிள்ளைகளுக்கு நீண்டுவிடுகின்றன. இந்தச் சிகிச்சையைப் பற்றிப் பேசும்போது இந்தக் கோணம் கவனிக்கப்படுவதே இல்லை என்பது என் வருத்தம்.

அடுத்து நாற்காலியில் உட்காரும் பிள்ளையைப் பார்க்கும் இரண்டாம் மருத்துவருக்கு உள்ளே என்ன மருந்து இருக்கிறது என்று தெரியாது. துபாயின் நபித் மருத்துவ மின்பதிவு மதுரையில் திறக்காது. ஊரில் கொடுத்த சீட்டில் வேர்ச் சிகிச்சை தொடங்கியது என்று ஒரு வரியும் அடுத்த தேதியும்தான் இருக்கும். எக்ஸ்ரேயில் பசையின் பெயர் தெரியாது. அவர் யூகத்தின்பேரில் மேலும் ஒருமுறை அதே பசையை வைத்துவிட வாய்ப்பு உண்டு.

ஆகவே விடுமுறை நெருங்கும் குடும்பம் மருத்துவரிடம் நேராகவே சொல்லிவிடலாம்: “டாக்டர், மூணு வாரத்துல எங்களால வர முடியாது.” அதைக் கேட்டால் அவர் மருந்தையே மாற்றுவார்; கால்சியம் ஹைட்ராக்சைடு வைத்து, தற்காலிக அடைப்புக்குப் பதிலாக உறுதியான அடைப்பு வைப்பார். பசையில் மினோசைக்ளின் இருக்கிறதா என்று கேட்பதும் மருத்துவரை அவமதிப்பது ஆகாது. வைத்த மருந்தின் பெயரையும் தேதியையும் சீட்டில் எழுதித் தரச் சொல்லி, கைபேசியில் படம் எடுத்து வைத்துக்கொண்டால் அது எல்லா நாட்டிலும் திறக்கும்.

கறுத்த பல் எல்லாம் பசையால் கறுத்ததல்ல என்பதையும் சொல்ல வேண்டும். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துக் குடும்பங்களில் குடிநீரின் ஃபுளோரைடால் பற்களில் பழுப்புக் கோடுகள் இருக்கும். அது பல பற்களில் ஜோடி ஜோடியாக, முளைக்கும்போதே வருவது. அடிபட்டு எந்தச் சிகிச்சையும் பெறாத பல்லும் உள்ளே ரத்தம் கசிந்து சாம்பலாகும். ஒரே பல், வேர்ச் சிகிச்சைக்குப் பின், கழுத்துப் பகுதியில் தொடங்கிப் பரவும் கருமை என்றால் மருந்தையும் சிமெண்டையும் சந்தேகிக்கலாம்.

கறுத்துவிட்ட பல்லுக்கு வழி இருக்கிறது. ஸ்பாசர் 1961இல் சொன்ன முறை இன்றும் பயன்படுகிறது: பல்லின் பின்பக்கம் திறந்து, ஈறு மட்டத்தில் ஒரு தடுப்புச் சிமெண்ட் போட்டு, சோடியம் பெர்போரேட்டைத் தண்ணீரில் குழைத்து உள்ளே வைத்து அடைத்து அனுப்புவது. சில நாளுக்கு ஒருமுறை மாற்றி வைத்தால் நிறம் படிப்படியாகத் திரும்பும். விரைவுக்காக 30 விழுக்காடு ஹைட்ரஜன் பெராக்சைடைச் சூடாக்கிச் செய்த காலத்தில், ஈறு ஓரத்தில் வேரே அரிபட்டுப் போன பற்களை ஹாரிங்டனும் நாட்கினும் 1979இல் பதிவுசெய்தார்கள். எட்டு வயது வேரில் அந்த விஷப்பரீட்சை வேண்டாம். டெட்ராசைக்ளின் கறை பிடிவாதமானது. பாதி வெளுத்து நிற்கும், ஓரிரு ஆண்டில் கொஞ்சம் திரும்பவும் வரும். கேப் போட்டுவிடலாம் என்று அவசரப்படுகிறவர்கள், கேப்புக்காகச் சீவ வேண்டியது இன்னும் மெல்லிய சுவருள்ள அதே பல்லைத்தான் என்பதைக் கவனிக்க வேண்டும். ஈறு வளர்ந்து நிலைபெறும் பதின்வயதின் கடைசிவரை அதைத் தள்ளிப்போடுவது நல்லது.

கறுத்ததாலேயே பல் கெட்டுவிட்டது என்று பிடுங்கச் சொல்லும் பெரியவர்கள் வீட்டில் இருப்பார்கள். கருமை உள்ளே கிருமி இருப்பதற்கு அடையாளம் அல்ல. ஆறு மாதத்துக்கு ஒருமுறை, பிறகு ஆண்டுக்கு ஒருமுறை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, வேர் நீண்டு சுவர் தடித்து நுனி மூடிக்கொண்டு வந்தால், நிறம் எதுவாக இருந்தாலும் அந்தப் பல் வளர்ந்துகொண்டிருக்கிறது. அதைப் பிடுங்க எந்தக் காரணமும் இல்லை.